ரிஜிஸ்டரில் அடிக்கப்படும்

ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் "வாத்தியாராகவா?" என்று ஒரு தரம் கேட்பார்கள். இல்லை என்றதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மட்டும் இந்த வித்தியாசம் கிடையாது. பள்ளிக்கூடத்துக் கேட்டுக்குள் வேஷ்டி கசங்காமல் நுழைகிறவன் எவனும் அவர்களுக்கு வாத்தியார்தான். மணி அடிக்கிறவரையும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் நானும் அந்தப் பட்டத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டோம்.

பெரிய சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு துரைசானியம்மாள் தலைவியாக வந்தார். நல்ல மனுஷி. பிள்ளைகளின் நகத்தைத் தானே உட்கார்ந்து வெட்டிவிடுவார். ஆனால் எழுதி வைக்காத எதுவும் உலகத்தில் நடக்காது என்பது அவருடைய நம்பிக்கை. வந்ததுமே கடிதம் எழுதி, சீமையில் அவருடைய தமக்கை நடத்திய பள்ளிக்கூடத்தின் விதிகளை வரவழைத்து, அங்கங்கே மாற்றி, மாணாக்கரும் பெற்றோரும் அனுசரிக்கவேண்டியவை என்று முப்பத்திரண்டு விதிகளை இங்கிலீஷில் எழுதினார். அதைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. இரண்டு பாஷையிலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். அப்படிப் படித்தவனுக்கு வருகிற வியாதி எனக்கும் வந்திருந்தது. என்னை ஒரு எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அபிப்பிராயத்தை என்னோடு பகிர்ந்துகொள்ள ஊரில் யாரும் இல்லாததால், முப்பத்திரண்டு விதிகளையும் காவியம்போல் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

சிலது சுலபமாக வந்தது. தலையில் எண்ணெய் வழியக்கூடாது. வகுப்பு நடக்கும்போது பெற்றோர் ஜன்னல் வழியாகப் பிள்ளையைக் கூப்பிடலாகாது. மீன் கூடையோடு உள்ளே வரலாகாது; இது சீமைப் பட்டியலில் இல்லாதது, துரைசானியம்மாள் ராயபுரத்துக்கு வந்த இரண்டாம் நாள் கண்டதை வைத்துச் சேர்த்தது. பனி பெய்யும் நாட்களில் பூட்ஸை வாயிற்படியில் தட்டிவிட்டு உள்ளே வரவேண்டும் என்று ஒரு விதி. நம் ஊருக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கிற வேலை குமாஸ்தாவுக்கு இல்லை. பூட்ஸ் போடுகிறவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான் என்பதால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "பனி பெய்யும் நாட்களில் வாயிற்படியில் காலைத் தட்டிவிட்டு வருக" என்று எழுதினேன். மார்கழி பிறந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று வெறுங்காலைப் படியில் தட்டிவிட்டு உள்ளே போயின. துரைசானியம்மாள் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். இவ்வளவு கீழ்ப்படிதலை அவர் சீமையில்கூடப் பார்த்ததில்லையாம்.

பத்தொன்பதாம் விதிக்கு வருகிறேன். அனுமதி இல்லாமல் தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளையின் பெயர் ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிடப்படும், மறு ஜூன் மாதத்தில் புதிதாக வந்து சேரலாம் என்பது அதன் சாரம். அப்படித்தான் முதலில் எழுதினேன். அச்சாபீஸ்காரர் புரூப் கொண்டுவந்தார். எல்லாம் சேர்ந்து ஒரு தாளில் அடங்கவில்லை, இரண்டு வரி குறைத்தால் அடங்கும் என்றார். நான் பென்சிலை எடுத்தேன். சொற்சுருக்கம்தான் தமிழுக்கு அழகு என்று எங்கேயோ படித்தது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. ஜூன் மாதத்தை வெட்டினேன். "பெயர்" என்பதை வெட்டினேன். ஓர் உருபை மாற்றினேன். மிஞ்சியது இது: "அனுமதியின்றிப் பத்து நாள் வராத பிள்ளை ரிஜிஸ்டரில் அடிக்கப்படும்."

படித்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. தாளை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்து, கேட்டருகே மீன் விற்கிற ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, ரிஜிஸ்டரால் அடிக்கிறது அட்டைப் பக்கமாகவா முதுகுப் பக்கமாகவா என்று விசாரித்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ரிஜிஸ்டர் காலிகோ துணி போட்டுக் கட்டிய பெரிய புத்தகம். ஒரு கையால் தூக்க முடியாது. வராத பிள்ளைகளை அதைக் கொண்டு அடிப்போம் என்று கடலோரம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது. பிரம்புக்கு இது தேவலை என்பது பொதுவான அபிப்பிராயம். அன்றே தாளைத் திருத்தி மறுபடி அச்சிட்டிருக்கலாம். நான் செய்தது, அந்த அம்மாள் கேட்டதை அப்படியே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டதுதான்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வயது ஒன்பதோ பத்தோ. தகப்பன் துறைமுகத்தில் கரி இறக்குகிறவர், தாய் கடலைக் கிடங்கில் கொட்டை பொறுக்குகிறவள். அந்த வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் இந்தப் பெண்தான். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் உரக்கப் படிப்பாள். கடைப் பலகை, தீப்பெட்டி, என் மேஜைமேல் தலைகீழாகக் கிடக்கிற கடிதம். ஒரு எழுத்து விடமாட்டாள். மூன்றாம் வகுப்பு டீச்சரம்மாவுக்கு அவள்மேல் பிரியம். இவளை எட்டாவது வரைக்கும் கொண்டுபோய் டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்துவிட வேண்டும் என்று என்னிடமே இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.

பொங்கல் கழிந்து அந்தப் பெண் வராமல் நின்றுவிட்டாள். பத்தாம் நாள் சாயங்காலம் சிவப்பு மசியால் அவள் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தேன். இடத்துக்குக் காத்திருந்த பிள்ளைகளின் பட்டியல் நீளம். மறுநாளே அவள் இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்தது. ஒவ்வொரு படியும் விதிப்படி நடந்தது.

பதினான்காம் நாள் காலையில் தகப்பன் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. குளித்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் கரி இருந்தது. பெண்ணுக்குத் தலையை இழுத்து வாரி, எண்ணெய் வழியாமல் துடைத்துவிட்டிருந்தார்கள். மனைவிக்குப் பிரசவம் ஆகிக் காய்ச்சல் கண்டுவிட்டது, சின்னதுகள் இரண்டைப் பார்த்துக்கொள்ள இவளை விட்டால் ஆளில்லை என்றார். பள்ளிக்கூடத்து ரூல் தெரியாமல் நிறுத்தவில்லை. தாளை இவளையே படிக்கச் சொல்லிக் கேட்டு, யோசித்து, அடி வாங்கிக்கொள்ளட்டும் என்று அப்பனும் மகளும் பேசி முடிவு பண்ணித்தான் நிறுத்தினார்களாம். பிறகு அவளை என் மேஜைக்கு முன்னால் நகர்த்தி நிறுத்தினார்.

"தலையில மட்டும் வாணாம் வாத்தியாரே. சின்ன வயசுல ஜுரம் வந்து பொயச்ச புள்ள. முதுவுல அடிச்சிக்கோ."

அந்தப் பெண் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல வழி தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. அவரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். அடிப்பதென்றால் அந்த அடி இல்லை, பேரை அடித்துவிடுவது, அவள் பெயர் இப்போது பள்ளிக்கூடத்தில் இல்லை என்று விளக்கினேன். அவருக்கு நெடுநேரம் பிடிபடவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். சிவப்புக் கோட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார்.

"இதான் அடியா?"

"இதுதான்."

"அப்ப புள்ளைய அடிப்பாங்கன்னு தாள்ல போட்டுக்கீதே?"

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவேண்டும். தாளில் தப்பாக எழுதியது நான்தான் என்று. துரைசானியம்மாள் நியாயம் தெரிந்தவர். எங்கள் பிழையால் வந்தது என்றால், கூட ஒரு பலகையைப் போட்டு அன்றே உட்காரவைத்திருப்பார். ஆனால் அவர் அடுத்த அறையில் இருந்தார், நடுவில் கதவு திறந்திருந்தது. என் மொழிபெயர்ப்பை அவர் மெச்சி நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார். சித்திரையில் என் உத்தியோகத்தை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது.

"பிள்ளை சரியாகப் படித்திருக்காது" என்றேன்.

அந்தப் பெண் திரும்பினாள். "அப்டித்தான் சார் போட்டுக்கீது."

"பேர் என்று ஒரு வார்த்தை இருக்கும். அதை நீ விட்டிருப்பாய்."

"இல்ல சார். ரெண்டு வாட்டி படிச்சேன்."

தகப்பன் ஒரு தாள் இருந்தால் காட்டும்படி கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். தாள்கட்டு என் இடது முழங்கைக்குக் கீழே இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒன்று என்ன, பத்தே காட்டியிருக்கலாம். நான் மறைத்தது ஒன்பது வயதுப் பெண்ணிடமிருந்து.

ஜூன் மாதம் அழைத்து வா, இடம் தருகிறேன் என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியாது. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவளைக் கூட்டிவந்த கையில் ஒரு பெருமை இருந்தது, அது போய்விட்டிருந்தது.

"மூணு வருசம் படிச்சிட்டு ஒரு வார்த்தைய வுட்டுட்டியாடீ?"

அவள் என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். கேட்டுவரை இருவரும் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டைத் தாண்டினதும் அவர் கை ஓங்கினார். ஒரே ஒரு அடிதான். தலையில்.

அன்று மத்தியானம் ஆசிரியர்கள் அறையில், முதுகைக் காட்டி நின்றது வரைக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சரம்மா மட்டும் யார் அந்தப் பெண் என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். மறுமாதம் அதையே எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்த என் முதல் ஹாஸ்யக் கட்டுரை அதுதான். முழங்கை விஷயத்தை எழுதவில்லை. நீளம் கருதி விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொற்சுருக்கத்தில் நான் கெட்டிக்காரன்.

சித்திரையில் உத்தியோகம் நிரந்தரமாயிற்று.

ஜூன் வந்தது. நாலாம் வகுப்பில் யாருக்கும் சொல்லாமல் ஓர் இடத்தை நிறுத்தி வைத்தேன். விதிக்கு விரோதமாக நான் செய்த ஒரே காரியம். ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விலாசத்தை ரிஜிஸ்டரில் பார்த்துக்கொண்டு கிளம்பினேன். டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம், கடலைக் கிடங்குகளுக்குப் பின்னால் வரிசையாகக் குடிசைகள். தாய்தான் இருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. வாத்தியார் வீடு தேடி வந்துவிட்டாரே என்று பதறி, உட்கார ஒரு பெட்டியை இழுத்துப் போட்டாள்.

பெண் அவளோடுகூடக் கிடங்கு வேலைக்கு வருகிறாள் என்றாள். கை சுறுசுறுப்பாம், சொத்தைக் கொட்டையைப் பெரியவர்களைவிட வேகமாகப் பொறுக்குகிறாளாம். நான் பள்ளிக்கூடத்துப் பேச்சை எடுத்தேன்.

"அவரு வாணாம்னுட்டாரு சார். ஒயுங்கா ஒரு வரி படிக்கத் தெர்லியே, அப்பறம் இன்னாத்துக்கு அனுப்பறதுன்னாரு."

அப்போது சொன்னேன். ஐந்து மாதம் தாமதமாக. தாளில் தப்பு இருந்தது, உன் பெண் படித்தது சரி, எழுதியவன் நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்து என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது இரக்கம்.

"நல்ல மனசு சார் உனுக்கு. புள்ளைக்கோசரம் பழிய உம்மேல போட்டுக்கற. வாத்தியாரு எங்கனா தப்பா எழுதுவாரா?"

எழுதுவார் என்றேன். நான் வாத்தியாரே இல்லை, குமாஸ்தா என்றேன். என் வாழ்நாளில் அந்தப் பட்டத்தை நானாக மறுத்தது அந்த ஒரு தரம்தான். அவள் சிரித்துவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமையும் கிடங்கில் வேலை உண்டு, கப்பல் நிற்கிறதாம்; தாய் மட்டும் குழந்தைக்காக வீட்டில் நின்றிருந்தாள். திரும்புகிற வழியில் கிடங்கு வாசலில் நின்றேன். சாப்பாட்டு நேரம். பெண்டுகள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். அவள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், வகுப்பில் எழுந்து நிற்பது மாதிரியே. தலைமுடியெல்லாம் கடலைத் தொலியின் சிவப்புத் தூசி.

"நீ அன்றைக்குச் சரியாகத்தான் படித்தாய்" என்றேன். "தப்பு என்னுடையது."

"இல்ல சார்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். "நான்தான் வுட்டுட்டேன். அப்பறமா தாள எடுத்துப் பாத்தா எழுத்தெல்லாம் கலைஞ்சி கலைஞ்சி தெர்ஞ்சுது. எனுக்குப் படிப்பு வரல சார்."

கிடங்குச் சுவரில் அவள் தலைக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஏதோ தமிழில் எழுதியிருந்தது. நான் நின்றவரையில் அவள் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தான். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.