கொரட்டூர் நேரத்தில் காய்ச்சிய பால்

மெல்போர்னில் நாங்கள் வாங்கிய வீட்டின் அடுப்பில் தீ கிடையாது. கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று. பொத்தானை அழுத்தினால் வட்டமாகச் சிவக்கும், அவ்வளவுதான். தீயே இல்லாத அடுப்பில் பால் பொங்கினால் அது புதுமனை புகுவிழா ஆகுமா என்று என் வீட்டுக்காரர் கவலைப்பட்டார். எனக்கு அந்தக் கவலை இல்லை. அதைக் கொரட்டூரில் குமுதா அக்கா பார்க்க வேண்டும், அது போதும்.

குமுதா அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்தது அவர் ஆட்சி செய்த வீட்டில். விடியுமுன் தெருக் குழாயில் தண்ணீர் வரும். அக்கா படுத்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார், "தண்ணி வந்துகீது, எந்திரி" என்று. மகள் பிறந்து தையல் ஆறாத உடம்போடும் குடம் தூக்கியிருக்கிறேன். அவர் ஒருநாளும் எழுந்து வந்ததில்லை. பிறகு, தனியாகப் போனால்தான் எங்களுக்குப் பொறுப்பு வரும் என்று சொல்லிக் கைக்குழந்தையோடு வெளியே அனுப்பினார்கள். திருமுல்லைவாயிலில் வாடகைக்கு வீடு பிடித்துப் பால் காய்ச்சினோம். மூன்று ஸ்டேஷன் தள்ளியிருந்த அக்கா வரவில்லை. அவ்வளவு காலையில் யார் எழுந்து போவது என்று கேட்டாராம். காய்ச்சிய பால் ஆறும்வரை வாசலைப் பார்த்து நின்றேன். அன்று பற்றிக்கொண்ட எரிச்சல் விமானம் ஏறியும் அடங்கவில்லை. அடக்க நானும் முயன்றதில்லை.

ஆகவே இந்த வீட்டுக்கு முகூர்த்தத்தை நானே குறித்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணி. அப்போது கொரட்டூரில் நாலரை. பாவம், தூங்குவார்களே என்று இவர் இழுத்தார். அங்கே அது பிரம்ம முகூர்த்தம், நம் ஊர் நேரம் பார்த்துச் செய்வதுதான் முறை என்றேன். சாஸ்திரம் என்றதும் அடங்கிவிட்டார். மூத்த மருமகள் பார்க்காமல் பால் பொங்கக் கூடாது, குளித்துவிட்டு உட்காருங்கள் என்று அக்காவுக்கும் சொல்லியனுப்பினேன். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது புரியும். இங்கே வாங்கும் சோபாவின் நிறத்தைக்கூட, அங்கே யாருக்கோ வயிறெரிய வேண்டும் என்றுதானே தேர்ந்தெடுக்கிறோம்?

வீடியோ காலில் அக்கா வந்தார். ஈரத் தலை, வீங்கிய கண்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. பட்டுப் புடவையில் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டினேன். குழாயைத் திறந்துவிட்டு, எந்நேரமும் தண்ணீர் வரும் என்று நிதானமாகச் சொன்னேன். அக்கா கொட்டாவியை விழுங்கினார்.

அந்நேரம் பார்த்துப் பால் பொங்கிக் கண்ணாடியில் வழிந்து தீய்ந்தது. கூரையிலிருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு அழ, இவர் துண்டை விசிற, அக்கா இந்தக் கூத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று போனை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஓடினேன். வாசலில் பக்கத்து வீட்டுக் கெவின் நின்றிருந்தார். வெறுங்கால், கையில் தீயணைப்பு உருளை. அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஆர் யூ ஆல்ரைட் என்றார். ஃபங்ஷன் என்றேன். என் புடவையையும் தலைப்பூவையும் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் விருந்தாளிகளைத் தேடினார். காலியான ஹால்தான் தெரிந்தது. அவர் குரல் அக்காவின் காதில் விழுந்துவிடுமோ என்ற பதற்றத்தில் ஃபைன், ஃபைன் என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினேன். அவர் சாரி சொல்லிவிட்டுப் போனார்.

அலாரம் நின்றதும் போனை எடுத்தேன். அக்கா இன்னும் இருந்தார்.

"ஊடு சோக்கா கீது. நாலரைக்கு எங்கள எழுப்பி காட்றியே, அங்க உன் ஊட்டாண்ட வர்றதுக்கு ஒரு ஆளு இல்லியா?"

குத்துவதற்காகக் கேட்டாரா, சும்மா கேட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. விட்டுக்கொடுப்பேனா நான்?

"ஏன் இல்லாம? பக்கத்து ஊட்டுக்காரரு இப்பதான் வந்துட்டுப் போனாரு, அக்கா."

"பாலு குட்த்தியா?"

புது வீட்டுக்கு முதலில் வந்த மனிதர். நெருப்பென்று நினைத்து வெறுங்காலோடு ஓடி வந்தவர். அவர் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறேன், அதுவும் யாருக்காக? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் அக்காவிடம் தோற்க மனம் வரவில்லை.

"குடுக்கத்தான் போறேன். வெச்சிடாதீங்க, பாத்துகினே இருங்க."

மிஞ்சியிருந்த பாலில் சர்க்கரையைப் போட்டு டம்ளரில் ஊற்றி, போனையும் எடுத்துக்கொண்டு புல்லைக் கடந்து அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். அவரை என்ன சொல்லி அழைப்பது, காலை ஒன்பது மணிக்குப் பால் குடி என்று ஒரு வெள்ளைக்காரரிடம் எப்படிச் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. முழங்கையால் அழைப்புமணியை அழுத்தினேன். இடது கையில் கொரட்டூரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் டம்ளரை நீட்டியபடி, கெவின் கதவைத் திறப்பாரா என்று நின்றேன்.