‘ஆர்’ போட்ட பிள்ளைகள்

போன வாரம் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. தலைப்பைக் கேளுங்கள்: ‘பல்வகைக் கற்றல் தேவையுள்ள மாணவர்களை உள்ளடக்கிய கற்பித்தல் உத்திகள்’. பேனர் அடித்தவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. ‘கற்பித்தல்’ வரை வந்து நின்றுவிட்டது. உத்தி இல்லாத அந்தப் பேனருக்குக் கீழே ஐம்பது ஆசிரியர்கள் உட்கார்ந்து, டீ எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பயிற்சியாளர் இளைஞர். டை கட்டியிருந்தார். ஆம்பூர் வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்த தியாகத்துக்காகவே அவரை மன்னித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு ‘ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர்’ என்று திரையில் ஒரு ரோஜாப் படத்தைப் போட்டார். கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எத்தனை பயிற்சியில்தான் அந்த ஒரே ரோஜாவைப் பார்த்துத் தொலைப்பது? பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் ரோஜாவைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் அந்த அறையில் உருப்படியான காரியம் செய்தவள்.

மத்தியானம் அவர் உப்புத்தாளில் ஒரு பெரிய ‘அ’ வெட்டி எடுத்தார். “டியர் டீச்சர்ஸ், எழுத்தைக் கண்ணால பார்த்து புரியாத குழந்தை, விரலால தடவிப் புரிஞ்சிக்கும். இது லேட்டஸ்ட் மெத்தட்” என்று சொல்லி, அதை அட்டையில் ஒட்டுவதற்கு ஒரு டப்பாவைத் திறந்தார். ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற அதே பசை. இந்த ஊரில் அதற்குச் சொல்யூஷன் என்று பெயர். அந்த வாடை வந்து மூக்கில் ஏறியதும் எனக்கு லேட்டஸ்ட் எல்லாம் மறந்துபோயிற்று.

ஆம்பூர்க்காரர்களைக் கேட்டால் இங்கே தோல் வாடையே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். நான் ஜோலார்பேட்டைக்காரி, அப்பா ரயில்வே. எனக்குத் தெரிந்ததெல்லாம் டீசல் வாடைதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், பி.எட். முடித்த கையோடு காலைப் பாசஞ்சரில் ஏறி இந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது, வாணியம்பாடி தாண்டினதுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். எதிர் சீட்டில் இருக்கிற கம்பெனிப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். “புதுசா டீச்சர்? ரெண்டு மாசத்துல பழகிப்பூடும்” என்று ஒருத்தி சொன்னாள். பழகிப்போயிற்று. எல்லாமே பழகிப்போயிற்று என்பதுதான் இங்கே நான் சொல்ல வந்த கதை.

அது ஒரு தனியார் பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். வாசலில் ‘பத்தாம் வகுப்பு: நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று ஒரு பலகை மாட்டியிருக்கும். எங்கள் எச்.எம். ஆசிரியராவதற்கு முன் ஒரு தோல் மண்டியில் ரகம் பிரிக்கிற வேலை பார்த்தவர். ஒரு தோலை மேசைமேல் விரித்து, கையால் ஒரு தடவு தடவி, ஓட்டை கீறல் பார்த்து, பின்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுத் தள்ளுவார்கள். எதற்கும் தேறாததுக்கு ‘ஆர்’. ரிஜெக்ட். மனுஷன் அந்த வேலையை விட்டாரே தவிர, அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஜூன் மாதம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு பாரா படிக்கச் சொல்வார். அரை நிமிஷம் கேட்பார். வருகைப் பதிவேட்டில் பேருக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, ஆர்.

“அரை நிமிஷத்துல எப்படி சார் தெரியும்?” என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அப்போது எனக்குக் கொஞ்சம் வாய் இருந்தது.

“தோல் பாத்த கண்ணும்மா இது” என்றார். ஏதோ பட்டம் வாங்கியது மாதிரி அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

ஆர் போட்ட பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு. அதற்குப் பேரே ஆர் பெஞ்சுதான். இப்போது இதையெல்லாம் கேட்டு நீங்கள் முகம் சுளிப்பீர்கள். சுளிக்காதீர்கள். இன்றைக்கு ‘மெல்லக் கற்போர்’ என்கிறோம், நாலு வருஷத்துக்கு ஒருமுறை இன்னும் மென்மையாக ஒரு பேர் கண்டுபிடிக்கிறோம். பெஞ்சு அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த மனுஷனாவது உள்ளதை உள்ளபடி எழுதினார்.

அந்தப் பள்ளியில் இன்னொரு கூத்து நடக்கும். ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால், அன்றைக்கு ஆர் பிள்ளைகளுக்கு மட்டும் அமிர்தி மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா! யாரையாவது எழுப்பி அதிகாரி படிக்கச் சொல்லிவிட்டால் மானம் போய்விடுமே. அதனால் காலையிலேயே வேன் பிடித்து, புளிசாதம் கட்டி, மானும் மயிலும் பார்க்க அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வயிறு எரிந்து, “எங்களுக்கும் ஆர் போடுங்க சார்” என்று கேட்ட கதைகூட உண்டு. இளிச்சவாய்ப் புது டீச்சர் யார் என்று பார்த்து, என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

எஸ்தரை நான் சரியாகப் பார்த்தது அந்தச் சுற்றுலாவில்தான். ஒன்பதாம் வகுப்பு, என் வகுப்புப் பெண். எண்ணெய் வழிய இழுத்துப் பின்னின ரெட்டை ஜடை. மூன்று எழுத்து சேர்த்துப் படிக்க வராது. விலங்குக் கூண்டுகளுக்கு முன்னால் பலகை வைத்திருப்பார்கள் அல்லவா, இது என்ன விலங்கு, என்ன தின்னும், எத்தனை குட்டி போடும் என்று? அவள் என் கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு பலகையையும் ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால், பின்னால் வந்த பிள்ளைகளை நிற்கவைத்து, அத்தனை பலகையையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். நான் வாசித்தபோது தும்மினேன். அந்தத் தும்மலையும் சேர்த்து ஒப்பித்தாள், குறும்புக்காரி.

“ஏண்டி, இவ்ளோ ஞாபகம் வச்சிக்கிறவ, புஸ்தகத்த ஏன் படிக்க மாட்ற?”

“எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது டீச்சர். ஆடுது. நா இன்னா பண்ணட்டும்?”

பி.எட். பரீட்சையில் ‘தனியாள் வேறுபாடுகள்’ பற்றி நாலு உபதலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, பத்துக்கு எட்டு மார்க் வாங்கின மேதை நான். எழுத்து ஆடுகிறது என்று ஒரு பிள்ளை நேரில் சொன்னதும் திருதிருவென்று முழித்தேன்.

எஸ்தரின் அம்மா லில்லியக்கா, ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் வேலை. காலையில் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, வேனுக்கு ஓடுகிற அவசரத்தில்தான் அவரைப் பார்க்க முடியும். அப்படி ஒருநாள் தெருமுனையில் நிறுத்திப் பேசினேன். “புஸ்தகம்னா பேஜார் ஆயிடறா டீச்சர். ஆனா கண்ண மூடிக்கினு தொட்டாலே போதும், இது ஆட்டுத் தோலு, இது மாட்டுத் தோலுன்னு கரெக்டா சொல்லிடுவா” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோல் கழிவுத் துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் ஓட்டை. ஏன் என்று கேட்டேன். “ஓட்ட இருக்கற எடத்த வுட்டுட்டு, நல்ல எடமா பாத்துதான் அச்சு வெச்சி வெட்டுவோம். ஒரு எடத்துல ஓட்டன்னு முழுத் தோலயும் தூக்கிப் போடுவாங்களா யாராவது?” என்றார். அவர் தோலைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சிவந்துபோயிற்று.

அந்தத் துண்டுகளில் எழுத்து வெட்டினோம். சொரசொரப்பான பக்கம் மேலே வர, சொல்யூஷன் தடவி அட்டையில் ஒட்டினோம். பள்ளி விட்டதும் முக்கால் மணி நேரம், என் ரயில் வரும்வரைக்கும். எஸ்தர் கண்ணை மூடி விரலால் தடவி, பேர் சொல்லி, அப்புறம் கண்ணைத் திறந்து பார்ப்பாள். அச்செழுத்து கடைசிவரைக்கும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நான் குண்டு குண்டாக, இடம் விட்டு இடம் விட்டு எழுதிக் கொடுத்தால் நின்றது. டிசம்பரில் ஆரம்பித்தோம். ஏப்ரலில் முழு வரி படித்தாள். சந்தோஷத்தில் அன்றைக்கு நான் பாசஞ்சரைக் கோட்டைவிட்டேன்.

எச்.எம்.மிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“படிக்கிறாளா? ரொம்ப நல்லது. ஒரு பாராவுக்கு எத்தன நிமிஷம்?”

“ஏழு நிமிஷம் சார்.”

“கொஸ்டின் பேப்பர படிச்சி முடிக்கறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்மா. பத்தாவதுல உக்கார வெச்சா நம்ம பலக என்னாவறது? அவங்கம்மா கையால டி.சி. கேட்டு எழுதி வாங்கிக்கினு வந்துடு. தனியா எழுதிக்கட்டும்.”

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கேட்டு வாங்க வழி இருந்தது. சொல்வதை எழுத ஆள் வைக்கவும் வழி இருந்தது. எனக்கு அது தெரியும். படித்திருந்தேன், அதற்கும் மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த மாதம் நான் வேறொரு பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், அதற்கு எச்.எம். கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்றிதழ் வேண்டும். வாயைத் திறக்கவில்லை. ‘சரிங்க சார்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரையாவது தோல் கெடுத்தது என்று சொல்லலாம். என்னை யார் கெடுத்தது?

கடிதத்தை நானே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தனியாக எழுதினால் சுலபமாகப் பாஸ் செய்யலாம், ஒரு கையெழுத்துப் போடுங்கள் போதும் என்று சொன்னேன். லில்லியக்கா பேனாவைக் கையில் வாங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே காகிதத்தை மகளிடம் நீட்டினார்.

“இப்பதான் படிக்கிறாளே. இந்தாடி, டீச்சர் முன்னாடி படிச்சிக் காட்டு.”

எஸ்தர் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து நகர்த்தினாள். “என்... மகள்... எஸ்தரை... இந்தப்... பள்ளியில்... மேற்கொண்டு... படிக்க வைக்க... எனக்கு... விருப்பம்... இல்லை.”

“ஐயோ, இன்னா மாதிரி படிக்கிறா பாருங்க டீச்சர்!” லில்லியக்காவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். “மறுபடியும் படிடி, அக்கா கேக்கட்டும்.” எஸ்தர் மறுபடியும் படித்தாள். இந்த முறை கடைசி இரண்டு சொல்லில் சத்தம் இறங்கிப்போயிற்று.

அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. “விருப்பம் இல்லன்னு போட்டிருக்குது. எனக்கு விருப்பம் இருக்குதே டீச்சர்?”

“அது சும்மாக்கா. அப்படித்தான் எழுதணும்.”

டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று கையெழுத்துப் போட்டார். எஸ்தர் என்னோடு தெருமுனை வரை வந்தாள்.

“டீச்சர், இத எழுதுனது நீங்கதான?”

“ஆமா.”

“அதான் எழுத்து ஆடவே இல்ல.”

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அனுபவச் சான்றிதழ் கிடைத்தது. ‘மாணவர்களிடம் மிகுந்த அக்கறை கொண்டவர்’ என்று எச்.எம். அதில் எழுதியிருந்தார்.

மறுபடி அந்தப் பயிற்சிக்கு வருகிறேன். டை கட்டின தம்பி, யாராவது சொந்த அனுபவம் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். புடவை பார்த்து முடித்திருந்த கணக்கு டீச்சர் என் விலாவில் இடித்தாள். எழுந்து சொன்னேன். அமிர்தி, தும்மல், தோல் எழுத்து, ஏப்ரலில் படித்த முழு வரி. அதோடு நிறுத்திக்கொண்டேன். ஐம்பது பேரும் கைதட்டினார்கள். “சூப்பர் மேடம்! இத வெற்றிக் கதைன்னு அனுப்பப் போறேன்” என்று அந்தத் தம்பி ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

அந்தப் பள்ளிக்கு இப்போது வேறு பேர், வேறு பெயிண்ட். ஆர் பெஞ்சை எடுத்துவிட்டு வட்ட மேசை போட்டிருக்கிறார்களாம். லில்லியக்கா வேலை செய்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. அந்தக் கடிதம் வாங்கி ரெண்டு வருஷம் கழித்து ஒருநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். முன்னால் இருந்தவர்களைத் தெரியாது என்றார்கள். எஸ்தர் பத்தாவது எழுதினாளா, எங்கே இருக்கிறாள், எதுவும் எனக்குத் தெரியாது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: ‘மாணவியின் தற்போதைய நிலை’. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா மேடம் யோசன? நலம்னு போட்டுட்டு வாங்க, டீ ஆறுது” என்றாள் கணக்கு டீச்சர்.

போட்டேன். குண்டு குண்டாக, இடம் விட்டு, ஆடாத எழுத்தில் ‘நலம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.