தட்டிலிருந்து போனவை

ஐதராபாத்துக்கு வந்த இரண்டாவது வருடம் எனக்கு ஒற்றைத் தலைவலி தொடங்கியது. அதுவரை தலைவலி என்றால் காய்ச்சலோடு வருவது, வெயிலில் அலைந்தால் வருவது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இது வேறு மாதிரி இருந்தது. முதலில் பார்வையின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு ரம்பப் பல் போல வளைந்து நடுங்கும். கொஞ்ச நேரத்தில் அது மறையும். பிறகு இடது நெற்றிப்பொட்டில் துடிப்பு ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. வாந்தி எடுத்தபின் கொஞ்சம் அடங்கும்.

எனக்கு நாச்சாரத்தில் ஒரு சிறிய மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில மாத்திரைகளை எடுத்துக் கரைத்து, இருக்க வேண்டிய மருந்து இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அவற்றில் வலி மாத்திரைகளும் உண்டு. தினமும் கையில் புழங்குகிற பொருள் என்பதால் அவற்றின் மேல் பயம் இருக்கவில்லை. மருந்துக் கடையில் வாங்கி வாரத்துக்கு ஒன்று போட்டேன். அது இரண்டாயிற்று, கடைசியில் நாள் தவறாமல் ஒன்று என்றாயிற்று. ஒரு நாள் வயிறு எரிந்து, வீட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர், இவ்வளவு வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரைகளாலேயே தலைவலி வரும், உடனே குறைக்க வேண்டும் என்றார். நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்க்கும்படியும் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் உண்டு. போலாரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அவரிடம் சொன்னபோது, "மாத்திரை நக்கோ தம்பி, வேண்டாம். சுக்கை இழைச்சு நெத்தியில பத்து போடுங்க. காலைச் சுடுதண்ணியில வெச்சு உக்காருங்க. ஹவ், ஆமா, என் வீட்டுக்காரருக்கும் தலைவலி அதுலதான் கொஞ்சம் அடங்கும்" என்றார்.

செய்து பார்த்தேன். சுக்குப் பத்து நெற்றியில் எரிந்தாலும் அந்த எரிச்சல் வலியிலிருந்து கவனத்தைத் திருப்பியது. வெந்நீரில் காலும் கழுத்தில் ஈரத் துண்டுமாக இருட்டறையில் உட்கார்ந்தால் சில நாள் தூங்கிவிட முடிந்தது. இஞ்சிச் சாறு குமட்டலுக்குக் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் வலி வந்தபின் செய்வதை விட வராமலே தடுப்பதுதான் இயற்கை வழி என்று செல்போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எல்லாத் தலைவலிக்கும் உணவில் ஒரு குற்றவாளி உண்டு, அதைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும் என்றார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கலப்படத்தைக் கண்டுபிடிப்பதுதானே என் தொழில்.

ஒரு நோட்டுப் போட்டேன். தலைவலி வந்த நாளில் அதற்கு முந்தைய நாளிலிருந்து என்னென்ன சாப்பிட்டேன் என்று எழுதினேன். முதலில் காபி போயிற்று. பிறகு தயிர். அடுத்த தலைவலிக்கு முன் வேர்க்கடலைச் சட்னி சாப்பிட்டிருந்தேன், அதுவும் போயிற்று. தக்காளி, வாழைப்பழம், எலுமிச்சை, வெங்காயம், புளி என்று வரிசையாகப் போயின. இந்த ஊரில் கடலையும் புளியும் தக்காளியும் இல்லாமல் வெளியே எதையும் சாப்பிட முடியாது. வீட்டிலும் மனைவிக்குச் சிரமம். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். காலையில் தனக்கும் மகளுக்கும் ஒரு குழம்பும் எனக்கு மட்டும் ஒரு வெந்த பருப்பும் வைத்துவிட்டு ஓடுவாள்.

"ரெண்டு மாசமா பருப்பும் சோறும்தான் திங்கிறீக. தலைவலி நின்னுருச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஏதோ ஒண்ணு இருக்கு. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"இனி பருப்பையும் நிறுத்தினா என்னத்த வைக்க? நானும் விருதுநகர்க்காரிதான், எனக்கும் உறைப்பாத் திங்கணும்னு இருக்குல்ல?"

உண்மையில் பருப்பின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்திருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கும். ஒரு கவளத்தை விழுங்கியபின் கண் ஓரத்தில் கோடு தெரிகிறதா என்று காத்திருப்பேன். ஜன்னல் கம்பியில் வெயில் பட்டு மின்னினாலும் வந்துவிட்டது என்று நினைப்பேன். பல நாள் மத்தியானம் சாப்பிடாமலே இருந்துவிடுவது நிம்மதியாக இருந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டேன்.

இதில் எனக்குத் துணையாக இருந்தது என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நாங்கள் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்து, "அப்பா, இந்துலோ டொமேட்டோ உந்தி, தினொத்து" என்பாள். இதில் தக்காளி இருக்கிறது, சாப்பிடாதே என்று எச்சரிப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

பேக்கிங் அக்கா ஒரு நாள் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"கைக்கு, ஏன் தம்பி இவ்வளவு பயம்? போலீஸ்காரன் திருடனைப் பாக்குற மாதிரி சோத்தைப் பாக்குறீங்க. நான் சுக்கு போடத்தானே சொன்னேன், பட்டினி கிடக்கவா சொன்னேன்?"

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அதற்கடுத்த வாரம், காலை பதினோரு மணி இருக்கும், மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. மனைவி கவுன்டரில் இருந்ததால் எடுக்கவில்லையாம். பெண் தலை வலிக்கிறது என்று சொன்னாள், பிறகு விளையாட்டு வகுப்பில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள், வந்து அழைத்துப் போங்கள் என்றார் வகுப்பு டீச்சர்.

பள்ளி போலாரத்தில் இருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செகந்திராபாத்தைத் தாண்டி, ராணுவ முகாம்களின் நீண்ட மதில்களை ஒட்டிப் போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரே நினைப்புதான் ஓடியது. அவளுக்கும் வந்துவிட்டது. என் அத்தைக்கு இருந்தது, எனக்கு வந்தது, இப்போது இவளுக்கு. இந்த வயதில் அந்த வலியை எப்படித் தாங்குவாள்? இன்று காலை என்ன சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. என் தட்டைத் தவிர வேறு யார் தட்டையும் நான் பல மாதங்களாகப் பார்த்திருக்கவில்லை.

பள்ளியில் நோயாளிகளுக்கான சின்ன அறையில் ஒரு கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். டீச்சர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்திருந்தார். அவள் டிபன் பாக்ஸ் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்தது. டீச்சர் அதைத் திறந்து காட்டினார். காலையில் மனைவி வைத்த தக்காளிச் சாதம் கரண்டி படாமல் அப்படியே இருந்தது. இரண்டு வாரமாகவே இவள் டிபனைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள், நானும் இன்றுதான் கேள்விப்பட்டேன், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

ஸ்கூட்டரில் உட்கார வைக்கப் பயந்து ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தவளிடம், "ஏம்மா சாப்பிடல?" என்று கேட்டேன்.

"ஆகலி லேது." பசி இல்லை என்றாள்.

"ரெண்டு வாரமாவா பசி இல்ல?"

வெளியே திரும்பிக்கொண்டாள். பிறகு, "நுவ்வே அம்மாகு செப்பாவு கதா, நாக்கூட வஸ்துந்தனி" என்றாள்.

எனக்கும் வரும் என்று நீதானே அம்மாவிடம் சொன்னாய் என்கிறாள். சொல்லியிருந்தேன். ஒரு மாலை சமையலறையில் நின்றுகொண்டு, இது ரத்தத்தில் வருவது, பாப்பாவுக்கும் வரும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் புலம்பியிருந்தேன். அப்போது மகள் ஹாலில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பாட்டுக்கு எழுதுகிறாள் என்றுதான் நினைத்தோம்.

பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். என் நோட்டில் இருந்த பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில், அவளுடைய குண்டு எழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி. என் பட்டியலில் இல்லாத இரண்டையும் அவளாகச் சேர்த்திருந்தாள். ஐஸ்கிரீம், முட்டை. இரண்டும் அவளுக்கு உயிர்.

லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த குழந்தைகள் டாக்டரிடம் நேராகப் போனோம். அதற்குள் மனைவியும் வந்துவிட்டாள். டாக்டரம்மா மகளின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், எடை பார்த்தார், ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார். சாப்பிடாததால் வந்த மயக்கமும் தலைவலியும்தான் போலத் தெரிகிறது, ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிடலாம் என்றார். அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டினேன்.

"இதை யார் சொல்லி எழுதினாள்?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. என்னைப் பாத்து எழுதியிருக்கா."

அவர் என்னையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். எடை மெஷினில் ஏறச் சொன்னார். கிளினிக்கில் முன்பே சொல்லியும் நான் நரம்பு டாக்டரைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்து, இந்த முறை தள்ளிப் போடாதீர்கள் என்றார். வெளியே வந்தபின் மனைவி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்தாள். நான் பைகளோடு பின்னால் போனேன்.

நரம்பு டாக்டர் என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பொறுமையாகப் படித்தார். தலைவலி வந்த நாளில் சாப்பிட்டதெல்லாம் இருக்கிறது, வராத நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் அதை எழுதவில்லை. வராத நாளிலும் தக்காளியும் தயிரும் சாப்பிட்டிருப்பீர்களே என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கூடத்தில் எந்தச் சோதனை செய்தாலும் மருந்தே இல்லாத ஒரு மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அதைச் செய்யாத புதுப் பையன்களைத் திட்டியிருக்கிறேன். என் சாப்பாட்டை மட்டும் ஒப்பீடே இல்லாமல் தண்டித்திருக்கிறேன்.

சிலருக்குச் சில உணவு ஒத்துக்கொள்ளாது, உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் அது ஒன்றோ இரண்டோ இருக்கும், ஆனால் வெறும் வயிறு உங்களுக்குக் கட்டாயம் ஆகாது என்றார் அவர். நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், ஒரே நேரத்தில் தூக்கம் என்று சொன்னார். தடுப்பதற்கென்று தினசரி ஒரு மாத்திரையைச் சில மாதங்களுக்கு எழுதினார். வலி மாத்திரையை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தொடாதீர்கள் என்றார். சுக்கும் வெந்நீரும் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இதமாக இருந்தால் செய்யுங்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை என்றார்.

நான் சாப்பிட ஆரம்பிப்பது கூட எளிதாக இருந்தது. மகளைச் சாப்பிட வைப்பதுதான் கஷ்டம். ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை, உனக்கு எந்த நோயும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. பால்சாதம், ரொட்டி, ஆப்பிள், இந்த மூன்றுக்கும் மேல் வாய் திறக்க மறுத்தாள். நீ பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் செய்தாள். இரண்டு தட்டிலும் சட்னி வைத்துவிட்டு, "அவ உங்களைத்தான் பாக்குறா. மூஞ்சியைச் சுளிக்காமச் சாப்பிடுங்க" என்று என் காதருகில் சொன்னாள். சாப்பிட்டேன். மகள் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்று இட்லி முடித்தபின் அவள் இட்லியின் ஓரத்தைச் சட்னியில் லேசாகத் தொட்டு நாக்கில் வைத்தாள். அன்று அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் எனக்குத் தலைவலி வந்தது. வேலையிலிருந்து வந்து படுக்கையறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். கதவருகே அவள் வந்து நிற்பது தெரிந்தது.

"சட்னி வல்லனா?" சட்னியாலா என்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை, சும்மா படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லவில்லை.

"தெரியலம்மா. சட்னி சாப்பிட்டு மூணு நாளாச்சு. நேத்து சரியாத் தூங்கல. இன்னிக்கு மத்தியானம் சாப்பிட லேட்டாயிருச்சு. சில நேரம் ஒரு காரணமும் இல்லாமலும் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"மள்ளீ திண்டாவா?"

"ஆமா, மறுபடியும் சாப்பிடுவேன்."

"நொப்பி வஸ்தே?" வலி வந்தால் என்ன செய்வாய் என்பது அதன் பொருள்.

"வந்தா இப்படிப் படுத்துக்குவேன். காலையில போயிரும்."

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஈரத் துண்டை எடுத்து, பிழியாமலே கொண்டுவந்து என் நெற்றியில் போட்டாள். தலையணையெல்லாம் நனைந்துவிட்டது.

தடுப்பு மாத்திரையை இப்போது நிறுத்திவிட்டார்கள். தலைவலி மாதத்துக்கு ஒன்று வருகிறது, சில மாதம் வருவதில்லை. மகள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள், முட்டையையும் ஐஸ்கிரீமையும் யாரும் சொல்லாமலே திரும்பப் பிடித்துக்கொண்டாள். தக்காளியை மட்டும் இன்னும் ஓரமாக ஒதுக்குகிறாள். போன மாதம் ஓட்டப் பயிற்சி முடிந்து வந்து, தலை வலிக்கிறது என்று சோபாவில் விழுந்தாள். கண்ணில் ஏதாவது மின்னுகிறதா என்று கேட்க என் வாய் வரை வந்துவிட்டது. கேட்காமல் பக்கத்திலேயே நின்றேன்.

"தண்ணி குடிக்கச் சொல்லுங்க. அங்கயே நின்னு பயங்காட்டாதீக" என்றாள் மனைவி.

மகள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள், கொஞ்சம் தூங்கினாள், எழுந்து தோழி கூப்பிடுகிறாள் என்று கீழே ஓடினாள். நான் பால்கனியில் நின்று, அவள் விளையாடி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.