பெயர் சொல்லாமல் வந்த போன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்குச் சேர்ந்த புதிது. மகன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். லீவு கேட்டால் வேலை நிரந்தரமாகாதோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் ஷிப்டுக்கு வந்துவிட்டேன். மெஷின் ஓடியதே தவிர, என் கண் வாசலிலேயே இருந்தது.

மதியம் ஆபீஸ் பியூன் வந்து கத்தினார். "ஆஸ்பத்திரில புள்ளைய உட்டுட்டு வந்தது யாருப்பா? ஒரு பொண்ணு ரெண்டாவது தபா போன் பண்ணுது. பேரு கேட்டா, 'எங்க ஊட்டுக்காரரு'ன்னு சொல்லி அழுவுது."

என் மனைவி ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. ஓடிப்போய் போனை வாங்கினேன். மகனுக்கு வலிப்பு வந்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க டாக்டர்கள் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"இன்னும் இன்னா நின்னுகினு கீறே? ஓடு நைனா" என்றார் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஃபோர்மேன்.

மகன் பிழைத்துக்கொண்டான். இப்போதெல்லாம் அவனுக்கு உடம்பு சுட்டாலே முதலில் ஃபோர்மேனிடம் சொல்லிவிடுகிறேன். மனைவியும் என் பெயரைச் சொல்லப் பழகிவிட்டாள், போனில் மட்டும்.