மகன் கந்தகாரில் இருந்த வருடம்

மகன் கனடிய இராணுவத்தோடு கந்தகாருக்குப் போன வருடம், அவன் கல்கரியில் படிக்கிறான் என்றுதான் நாங்கள் இருக்கும் மல்வேர்னில் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். ஊரில் ஆமி என்றாலே கதவைப் பூட்டிப் பழகிய எங்கள் சனத்திடம், என் பிள்ளை ஆமியில் என்று எந்த வாயால் சொல்வது? மாதா கோயிலில் பூசைக்கு ஒப்புக்கொடுத்தபோதும் அவன் பெயரை எழுதவில்லை. பயணத்தில் இருக்கும் ஒருவருக்காக என்று மட்டும் எழுதினேன்.

கெட்ட செய்தியைத் தொலைபேசியில் சொல்லமாட்டார்கள், சீருடையில் இரண்டு பேர் நேரே வீட்டுக்கு வருவார்கள் என்று போகும்முன் விளக்கியிருந்தான். எனக்கு ஆறுதல் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. அன்றிலிருந்து வாசலில் எந்தக் கார் வேகம் குறைந்தாலும் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பேன். பீட்சா கொண்டுவந்தவனுக்கும் கதவைத் திறக்காமல் நின்றிருக்கிறேன்.

இந்த இலட்சணத்தில் வீட்டுக்குள் கட்சிச் சண்டை வேறு. கணவர் ஆளுங்கட்சி. தொட்ட வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தால் அந்த நாட்டுப் பெண்பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்பார். ஞாயிறு பூசை முடிய அஜக்ஸிலிருந்து சாப்பிட வரும் என் அண்ணா எதிர்க்கட்சி. அடுத்தவன் நாட்டில் போய் நின்று எந்தப் படை உருப்பட்டது என்பார். படையை இன்னும் அங்கே வைத்திருப்பதா என்று பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வர இருந்தது. வைத்திருந்தால் மகன் இன்னொரு தடவையும் போவான். இவர்கள் இரண்டு பேரும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிறு சண்டை முற்றி, கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அப்போது மகனின் தொலைபேசி அழைப்பு வந்தது. கணவர் ஸ்பீக்கரில் போட்டார். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள், அங்குள்ள சனம் உங்களை விரும்புகிறதா என்று முந்திக்கொண்டார்.

"ஓம் அப்பா. நேற்று ஒரு வீடு செக் பண்ணப் போனனாங்கள். அந்த அம்மா எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவ. நைஸ் பீப்பிள்."

கணவர் வென்றவர்போல அண்ணாவைப் பார்த்தார். அண்ணா என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் ஆமி எங்கள் வீட்டைச் சோதிக்க வந்த அன்று, நானும் நான்கு பேருக்குத் தேநீர் ஊற்றினேன். சீனியை அள்ளிப் போட்டேன். வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அண்ணா அவர்களுக்கு நேர் மேலே, சீலிங்குக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

"அந்த வீட்டிலை வேறை ஆரும் நிண்டவையோ, தம்பி?" என்று மகனைக் கேட்டேன்.

"இல்லை. தனிய எண்டுதான் சொன்னவ."

அந்த வீட்டிலும் மேலே எவனோ ஒருவன். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள். கீழே துவக்கை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கிற என் பிள்ளை. மகனும் மற்ற ஆமிக்காரரும் அந்தத் தெருவுக்குத் திரும்பவும் போவார்கள். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன்.

"இன்னொருக்காப் போய் வடிவாத் தேடுங்கோ," என்றேன். "மேலையும் பாருங்கோ."

அண்ணா பக்கம் திரும்ப எனக்குப் பயமாக இருந்தது.