பதினைந்து கெஜம் தின்ற குதி

டெக்சஸில் கோல்சன் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபது வருடமாக ஓட்டும் வெர்லின் ஸ்டக்கி, படிக்கிற காலத்தில் மூன்று வருடம், ஆட்டத்தின்போது குதித்து ஆடி அணியை உற்சாகப்படுத்தும் சியர்லீடர் குழுவில் இருந்தவள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பள்ளியின் சின்னமான காட்டுப்பன்றியின் பஞ்சு வேஷத்துக்குள் வியர்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஹோம்கமிங் நாளின் அமெரிக்கக் கால்பந்தாட்ட இடைவேளையில் பழைய சியர்லீடர்கள் மைதானத்தில் இறங்கி ஆளுக்கொரு குதி குதிப்பது ஊர் வழக்கம். பன்றியும் அதில் சேர்த்தியா என்று பள்ளி நிர்வாகக் குழு மூன்று கூட்டம் போட்டு விவாதித்து, சேர்த்திதான் என்று இந்த வருடம் தீர்மானித்தது. பள்ளியின் ஒழுகும் கூரை பற்றிய பேச்சு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது.

வெர்லினுக்கு வேண்டியது ஒன்றே: சொந்த முகத்தோடு, அந்தரத்தில் இரு காலும் பக்கவாட்டில் விரிய, கைகள் பாதங்களைத் தொடும் ஒழுங்கான ஒரு டோ-டச் குதி. கையில் ஆறு வாரம். பயிற்சி தந்தவள் இப்போதைய குழுத் தலைவியான மகள் கார்லி. தாட்சண்யம் அவள் அகராதியில் இல்லை.

"குனியாதம்மா! கீழ எதைத் தொலைச்ச? நெஞ்சை நிமித்து. காலுதான் கையைத் தேடி வரணும்."

"எங்க வருது? அதுக்கு நாப்பத்தி நாலு வயசாச்சுடி."

"கையை வீசுறப்பவே எம்பு. வீசிட்டு யோசிச்சா பூமி விடாது."

வலது பாதம் பிரேக்கை மிதிப்பதுபோல் அழகாக நீண்டது. இருபது வருடமாக வேலையற்றுக் கிடந்த இடது பாதம் அந்தரத்திலும் சோம்பல் முறித்தது. பேருந்து நிற்குமிடமெல்லாம் கைப்பிடிக் கம்பியில் காலைத் தூக்கிப் போட்டு நீட்டினாள்.

"மிஸ் வெர்லின், கால் அங்கயே மாட்டிக்கிச்சுன்னா வண்டிய யாரு ஓட்டுவா?" என்றான் பின்சீட்டுப் பொடியன்.

"நீதான் கண்ணு, தள்ளிக்கிட்டுப் போவ."

ஐந்தாம் வாரம் கால்கள் இடுப்புவரை வந்தன. ஆனால் இறங்கும்போது மட்டும் ஒரு கால் கிழக்கே, ஒரு கால் மேற்கே.

"பாதம் ரெண்டும் சேரணும்மா. இல்லேன்னா அதுக்குப் பேரு குதி இல்ல, விழுறது."

ஹோம்கமிங் வெள்ளிக்கிழமை வந்தது. முன்னாள் தலைவி டெப்ரா கம்பீரமாக எழும்பி, அதைவிடக் கம்பீரமாகப் புல்லில் உட்கார்ந்தாள். அடுத்தது வெர்லின். கையை வீசினாள், எழும்பினாள். கால்கள் விரிந்தன, சட்டென்று சேர்ந்தன. முழங்கால் இளகி, பாதங்கள் ஒட்டி நின்றன.

அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. தற்செயலாக இருக்குமோ? இன்னொன்று குதித்துப் பார்த்தாள். சேர்ந்தது. மூன்றாவது, நான்காவது. மற்றவர்கள் எப்போதோ வெளியேறியிருந்தார்கள். இரண்டாம் பாதி தாமதமாகிறதென்று நடுவர் விசில் ஊதி, தவறுக்கான மஞ்சள் துணியை வீசி, கோல்சன் அணியைப் பதினைந்து கெஜம் பின்னுக்குத் தள்ளித் தண்டனை விதித்தார். அணியின் பயிற்சியாளர் தொப்பியைத் தரையில் அடித்தார்.

"அம்மா, வெளிய வா!"

"எத்தனை சரியா இருந்துச்சு?"

"நாலும்! வாம்மா!"

வந்தாள். ஓடி அல்ல, நடந்து, பார்வையாளர் வரிசை முழுவதையும் பார்த்துக் கையசைத்தபடி. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் அவளைப் பார்த்தது.