முன்சக்கரத்தில் கை வைத்தவன்

என் ஜீப் முன்பக்கம் குனிந்து நிற்கும். பழைய வண்டியாக வாங்கியது. மணல், மலை எல்லாம் ஏறக்கூடிய ரகம். நான் அதை ஓட்டியதெல்லாம் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் வீட்டிலிருந்து சிப்காட் வரைக்கும்தான். அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்ஜினியராக இருக்கிறேன். பின்பக்கத்தைவிட முன்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பதைப் பார்க்கிங்கில் வைத்து ஒருவர் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு அந்த வண்டியில் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஆன்லைனில் ஒரு லெவலிங் கிட் வரவழைத்தேன். தடித்த அலுமினிய வட்டுகள் இரண்டு, கூடவே சில போல்ட்டுகள். முன்சக்கரங்களின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, அதன் தலையில் ஒரு வட்டை வைத்துத் திரும்பப் பூட்டினால் முன்பக்கம் உயர்ந்து வண்டி நேராகிவிடும். அவ்வளவுதான் என்றது நான் பார்த்த வீடியோ.

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அதற்கு முந்தைய வாரம்தான் என் வண்டிக்கு முன்பிரேக் பேட் மாற்றிக் கொடுத்திருந்தான். கிட் வந்த விஷயத்தைப் போனில் சொன்னேன்.

"மாமா, வீட்ல பண்ணாதீங்க. சக்கரத்த மேல புடிச்சிருக்கற பால் ஜாயிண்ட்டக் கழட்டணும். அது ஒழுங்கா ஒக்காரலன்னா சக்கரமே சாஞ்சிடும். ஞாயித்துக்கெழம இங்க எடுத்துட்டு வாங்க, ரெண்டு மணி நேரத்துல போட்டுத் தர்றேன்."

"பாக்கலாம் மச்சான்" என்றேன். அவன் ஐடிஐ. நான் இன்ஜினியரிங். கம்பெனியில் பெரிய பெரிய பம்புகளைப் பிரித்து மாட்டுவதை மேற்பார்வை பார்ப்பவன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது போதுமானதாக இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டு வாசலில் வண்டிக்கு அடியில் கிடந்தேன். மேற்பார்வை பார்ப்பது வேறு, கை வைப்பது வேறு என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. இடதுபக்க பால் ஜாயிண்ட் நட்டில் ஒரு ஸ்பிளிட் பின் இருந்தது. நட்டு தானாகக் கழன்றுவிடாமல் குறுக்கே மாட்டும் வளைந்த கம்பி அது. இழுத்தபோது பாதியில் ஒடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உதிரி பாகக் கடைகள் பூட்டியிருந்தன. நட்டை என் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். நாளைக்கு ஒரு பின் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று சக்கரத்தைப் பூட்டி ஜாக்கியை இறக்கினேன்.

வண்டி நேராக நின்றது. மனைவி வெளியே வந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். திங்கட்கிழமை பின் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் வாங்கவில்லை. அப்புறம் மறந்தே போனேன்.

அடுத்த வாரம் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கினார். சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் படிக்காமல் கிரீஸ் கையோடு திரிகிறான் என்பது அவருக்குத் தீராத வருத்தம். அதை மகன் முன்னாலேயே சொல்வார். என்னை மட்டும் யாரிடம் அறிமுகம் செய்தாலும் "இன்ஜினியர் மாப்ள" என்பார். அவரைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட நான் ஜீப்பை எடுத்தேன்.

புதுச்சத்திரம் தாண்டியதிலிருந்தே இடதுபக்கம் டொக் டொக் என்று சத்தம் வந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பி.முட்லூர் கடைத்தெருவில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினேன். இறங்கும்போது அடியில் ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி இடதுபக்கமாகச் சரிந்து, சக்கரம் வெளிப்பக்கம் மல்லாந்துவிட்டது. மாமனாரின் நெற்றி முன்கண்ணாடிக்குப் பக்கத்துக் கம்பியில் இடித்தது. ரத்தம் இல்லை, வீக்கம்தான். எதிரே வந்த பஸ் சற்றுத் தள்ளி நின்றுவிட்டதால் பிழைத்தோம்.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து அவரை இறக்கி உட்காரவைத்தார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தச் சக்கரத்துல கடைசியா யாரு மாப்ள கை வெச்சது?"

எனக்குப் பதில் தெரியும். வாயில் வந்தது வேறு.

"மச்சான்தான் மாமா முன்பிரேக் பாத்தான்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

போன் செய்ததும் மச்சான் பைக்கில் இருபது நிமிடத்தில் வந்தான். அவன் வண்டியை நிறுத்துவதற்குள் மாமனார் எழுந்துவிட்டார். "உனக்கு ஒரு நட்டக்கூட ஒழுங்கா முறுக்கத் தெரியாதா? அக்கா புருஷன்னுகூடப் பாக்க மாட்டியா? நீயெல்லாம் எதுக்குடா கட தொறந்து வெச்சிருக்க?" கடைத்தெருவே பார்த்தது.

மச்சான் ஒன்றும் புரியாமல் வண்டிக்கு அடியில் குனிந்தான். புத்தம் புது அலுமினிய வட்டு பளபளவென்று தெரிந்திருக்கும். பின் இல்லாத ஓட்டையும் தெரிந்திருக்கும். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"சரிப்பா, விடு. நான் பாத்துக்கறேன்" என்றான். அப்பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஜாக்கியை எடுத்தான்.

அன்று சாயங்காலம் மாமனார் மகளுக்குப் போன் செய்து தம்பியின் லட்சணத்தைச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"ரெண்டு நாளு அடியில கெடந்தது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் பேசியது எனக்கும் கேட்டது. "அக்கா, அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. என்ன திட்றது அவருக்குப் புதுசா? மாமா மேல வெச்சிருக்கற மரியாதய எதுக்குக் கெடுக்கணும்?"

அவன் என்னைத் திட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அந்த வாரம் முழுக்க ஷிப்டில் யார் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன்.

மாமனார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. உட்காராமலே சொன்னேன்.

"மாமா, அன்னிக்கு நடந்தது என் தப்பு. மச்சான் ஒண்ணும் பண்ணல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா மாப்ள? அவனக் காப்பாத்த வந்திருக்கீங்க. நீங்க இடம் குடுக்கறது ஜாஸ்தி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கிட் வாங்கியது, மச்சான் வேண்டாம் என்றது, பின் ஒடிந்தது, மறுநாள் வாங்காமல் விட்டது. "நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சேதான் அவன் பேரச் சொன்னேன்."

அவர் சிரிப்பு நின்றது. மகன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சாப்பிட வந்து வாசலில் நின்றிருந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தோம்.

"விடுங்க மாமா, அது முடிஞ்சி போச்சு" என்றான் அவன்.

மாமனார் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பேப்பரை மடித்தார். "அவ்ளோ பேரு முன்னாடி திட்டினேனே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், மருமகளிடம் மகனுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். அவர் குரலில் அவனுக்காக அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை போலிருக்கிறது. கை கழுவப் போனவன் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றான்.

அன்று மத்தியானம் மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் பி.முட்லூரிலிருந்து அவன் இழுத்துவந்து நிறுத்தியிருந்த என் வண்டியின் இரண்டு முன்சக்கரங்களும் மறுபடி பிரிக்கப்பட்டன. கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வட்டுகளை அளந்து பார்த்து, புது பால் ஜாயிண்ட் மாட்டி, பின் செருகி, அதன் இரண்டு காலையும் பிரித்து வளைத்து, "இங்க பாருங்க மாமா" என்று டார்ச் அடித்துக் காட்டினான். நான் அடியில் படுத்துப் பார்த்தேன்.

மாமனார் இப்போதும் கடலூர் வருகிறார். பஸ்ஸில்தான். ஜீப்பில் ஏறச் சொன்னால், படி உயரமாக இருக்கிறது, முட்டி வலிக்கிறது என்கிறார். இன்ஜினியர் மாப்ள என்று சொல்வதையும் விட்டுவிட்டார். வெறும் மாப்ள என்கிறார்.